ஹெட் டு ஹெட்: ஸ்டெல்லாவும் நானும்

எங்கள் கணக்கு ‘கைடை’த் திறந்தாலே கருவாட்டு வாசம் அடிக்கும். சதுரங்கப்பட்டினத்தில் மீன் உலர்த்தி விற்ற ஸ்டெல்லாவின் அம்மாவும், வயல்வேலை நின்றுபோய்க் கட்டட வேலைக்குப் போன என் அப்பாவும் கூட்டாக வாங்கித் தந்த புத்தகம் அது. திங்கள் முதல் புதன் வரை அவளிடமும் மீதி நாள்கள் எங்கள் ‘வூட்டி’லும் இருக்கும்.

நாங்கள் எட்டாம் வகுப்பு படித்தபோது, செங்கல்பட்டு விடுதிப் பள்ளியொன்று பரீட்சை வைத்து எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பிள்ளையை இலவசமாகச் சேர்த்துக்கொள்ளும் என்று செய்தி வந்தது. முதல் இரண்டு இடங்களும் எப்போதும் எங்களுடையவை என்பதால் வேறு யாரும் பெயர் கொடுக்கவில்லை. அன்று ஆங்கில டீச்சர் கரும்பலகையில் ‘ஹெட் டு ஹெட்’ என்று எழுதினார்.

“தலைக்குத் தலைன்னு எழுதி வெக்காதீங்க. மூணாவது ஆள் இல்லாம ரெண்டு பேர் நேருக்கு நேரா போட்டி போடறதுக்குத்தான் இப்படிச் சொல்லுவாங்க” என்றவர், உதாரண வாக்கியத்தில் எங்கள் இருவர் பெயரையும் போட்டார். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, “முட்டிக்கோங்கடி!” என்று கத்த, ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே தன் நெற்றியால் என் நெற்றியை மெல்ல முட்டினாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அப்பா, “சீட்டு ஒன்னுதான் கீது. பாவம் பாத்துகினு இருந்தா நம்ம பொழப்பு மாறாது” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மற்றதை நானே செய்தேன்.

பரீட்சை வியாழக்கிழமை. திங்கள் காலையில் ஸ்டெல்லா கைடை வாங்க வந்து வாசலில் நின்றாள்.

“காணோம்டி. பஸ்ல வுட்டுட்டேன் போல” என்றேன். அது அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது.

அவள் முகம் வாடிப்போயிற்று. பிறகு, “போனா போவுது வுடு. நீ இன்னாடி பண்ணுவ? உனக்கும்தானே கஷ்டம்” என்று தன் பையிலிருந்த கணக்கு நோட்டை எடுத்து நீட்டினாள். “எனக்கு முக்கால்வாசி தெரியும். நீ பாத்துட்டு நாளைக்குக் குடு.”

அதையும் வாங்கிக்கொண்டேன்.

இடம் எனக்குக் கிடைத்தது. பஸ் ஏற்றிவிட வந்த ஸ்டெல்லா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பத்தாவதோடு அவள் படிப்பு நின்று, இறால் உரிக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போனதை விடுமுறையில் கேள்விப்பட்டேன், பார்க்கப் போகவில்லை.

இப்போது நாவலூரில் வேலை பார்க்கிறேன். போன மாதம், ஒரு பதவிக்கு என்னையும் சக ஊழியை ஒருத்தியையும் மேலாளர் ‘ஹெட் டு ஹெட்’ என்று சொல்லிப் போட்டியில் நிறுத்தினார். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே சதுரங்கப்பட்டினம் போனேன்.

ஸ்டெல்லா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உட்காராமலே சொல்லிவிட்டேன்: “அந்தக் கைடை நான்தான் ஒளிச்சு வெச்சேன்.”

அவள் கை நிற்கவில்லை. “தெரியும். நீங்க செங்கல்பட்டு போன வாரமே வூட்ட பெருக்கும்போது கிடைச்சுதுன்னு உங்க அம்மா கொண்டாந்து குடுத்தாங்க. டீ சாப்புடுறீங்களா?”

மறுக்கத் துணிவில்லாமல் குடித்துவிட்டுக் கிளம்பினேன். தெருமுனை வரை கூட வந்தாள். பழையபடி ஒரு ‘டி’ போட்டுப் பேசுவாள் என்று மெதுவாகத்தான் நடந்தேன். “பாத்து போங்க” என்றாள்.