முகத்துக்கு மார்க் போட்ட மார்லிஸ்

மார்லிஸ் ஹௌகனைப் போல ஒரு கறார்ப் பேர்வழியை நான் பார்த்ததில்லை. மினியாபொலிஸ் நகரப் பேருந்துப் பணிமனையில் இருக்கை உறை தைப்பது அவள் வேலை. மற்ற நேரமெல்லாம் ‘தொலைகரை’தான். எங்களுக்கு அது வெறும் தொலைக்காட்சித் தொடர் இல்லை. விண்வெளியில் போகும் அந்தக் கப்பலில் எந்த நிறத்தவரும், எந்தக் கிரகத்தவரும் வேலை பார்க்கலாம். கேப்டன் பிரையர் ஒரு பெண். எழுபதுகளில் அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது என்ன தெம்பு கொடுத்தது என்பதைச் சொல்லி மாளாது.

கப்பலில் இரண்டு பெண்கள் மணம் செய்துகொள்ளும் பகுதியை எங்கள் ஊர்த் தொலைக்காட்சி நிலையம் காட்ட மறுத்தபோது, மார்லிஸ் நாற்பது நாள் விடாமல் நாளுக்கொரு கடிதம் எழுதினாள். நாற்பத்தோராம் நாள் அவர்களே தொலைபேசியில் கூப்பிட்டு, “அம்மா, போடுறோம், விட்டுடுங்க” என்றார்களாம். அப்படிப்பட்டவள்தான் இந்தத் தப்பையும் செய்தாள். அவளோடு சேர்ந்து நானும் செய்தேன்.

ஒவ்வொரு ஜூலையிலும் விமான நிலையத்துப் பக்கத்து விடுதியில் ரசிகர்கள் கூடுவோம். சனிக்கிழமை உடைப் போட்டி. அவரவர் கையால் தைத்த உடையோடுதான் மேடை ஏற வேண்டும். ஜெயித்தவர் மறு வருஷத் தொடக்க ஊர்வலத்தில் எல்லோருக்கும் முன்னால் நடக்கலாம். ஒரே நடுவர் மார்லிஸ். பூதக்கண்ணாடியோடு வந்து பொத்தானை எண்ணுவாள், மடிப்பைப் புரட்டிப் பார்ப்பாள். மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுவது என் வேலை. ஞாயிறு காலை போட்டியாளர் எல்லோருக்கும் அவரவர் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். ஒளிவு மறைவு கிடையாது என்பதில் எங்களுக்கு ஏகப்பட்ட பெருமை.

தொண்ணூற்றொன்றில் ரெனெட்டா போலிங் கேப்டன் பிரையரின் நீளக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் கறுப்பினப் பெண். பதினோரு மாதம் உட்கார்ந்து தைத்திருந்தாள். மார்லிஸ் காலரைத் தடவிப் பார்த்துவிட்டு மூச்சை இழுத்துப் பிடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் முதல் பரிசு ஷெரிலின் என்ற செம்பட்டை முடிக்காரிக்குப் போனது. அவளுடைய காலர் பசையில் நின்றது, தையலில் இல்லை. ஐந்து மதிப்பெண் வித்தியாசம். நான்தான் கூட்டினேன். எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை.

மறுநாள் காலை நானும் மார்லிஸும் காபி குடித்துக்கொண்டிருந்த மேசைக்கு ரெனெட்டா தாளோடு வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து, தோற்றவர்களுக்கு இதே வேலையாகப் போயிற்று என்று நான் முறுக்கிக்கொண்டு நிமிர்ந்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. தையலுக்கு நாற்பதில் முப்பத்தெட்டு கொடுத்திருந்த இடத்தைக் காட்டினாள். பிறகு ‘திரையில் உள்ளபடி இருக்கிறதா’ என்ற வரியைக் காட்டினாள். இருபதுக்கு நான்கு. பக்கத்தில் மார்லிஸின் குண்டு எழுத்தில், முகச்சாயல் பொருந்தவில்லை என்று இருந்தது. திரையில் பிரையராக நடித்தவள் வெள்ளைக்காரி.

“இந்தப் பதினாறு மார்க்க நான் எந்தத் துணியில தைக்கணும்? அத மட்டும் சொல்லுங்க,” என்றாள்.

மார்லிஸ் ஏதோ ஆரம்பித்தாள். திரையில் இருக்கிறபடிதானே எப்போதும் பார்க்கிறோம், எல்லோருக்கும் ஒரே விதிதானே என்றாள். பாதியில் நின்றுவிட்டாள். அந்த விதியை எழுதியவளே அவள்தான். ரெனெட்டா பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். இனி கூட்டத்துக்கே வரமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. மார்லிஸின் காபி அப்படியே ஆறிப் போனது.

மதியம் நிறைவுக் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் இல்லாத மார்லிஸ் நேராக மேடையேறி ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நேத்து ரெனெட்டா போலிங்குக்கு நான் போட்ட மார்க் தப்பு. தையலுக்குப் போட வேண்டியவ முகத்துக்குப் போட்டேன். அந்தக் கப்பல்ல யாரு வேணா கேப்டன் ஆகலாம்னு ஊரெல்லாம் லெட்டர் எழுதிட்டு, நானே வாசல மறிச்சுக்கிட்டு நின்னிருக்கேன். அந்த வரிய இன்னியோட அடிச்சாச்சு.”

பின்வரிசையிலிருந்து டுவேன் என்ற தடியன், அப்படியென்றால் அடுத்த வருஷம் நானும் கேப்டன் பிரையராக வரலாமா என்று நக்கலாகக் கேட்டான்.

“வரலாம் டுவேன். முதல்ல ஊசியில நூல் கோக்கக் கத்துக்க,” என்றாள் மார்லிஸ். அரங்கமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

பரிசை மாற்றித் தருகிறேன் என்று அவள் சொன்னபோது, கதவோரம் நின்ற ரெனெட்டா வேண்டாம் என்று கை காட்டினாள். “இரக்கப்பட்டுக் குடுத்ததா ஆயிடும். அடுத்த வருஷம் முதல்லேர்ந்து போடுங்க. என் தையலுக்கு என்ன மார்க்னு பாக்கறேன்.”

முந்நூறு பேர் முன்னால் தன் தப்பைத் தானே உடைத்துச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! எனக்கு அது கிடையாது. கூட்டிப் போட்டவள் நான் என்று எழுந்து சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறு வருஷம் ரெனெட்டா வந்தாள். இந்த முறை கேப்டனின் வெள்ளை விழாச் சட்டை. நான் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் இரண்டாம் இடம். சட்டையின் இடது கையை ஒரு விரலகலம் பின்னால் தள்ளித் தைத்திருந்தாளாம். மார்லிஸிடம் கெஞ்சினேன். ஊர் என்ன பேசும், இரண்டுதானே, போட்டுக் கொடுத்துவிடேன் என்றேன். அவள் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தாள்.

“போட்டா அது போன வருஷத்தவிடப் பெரிய தப்பு. அவ கேட்டது இரக்கம் இல்ல.”

ஞாயிறு காலை தாளை நீட்டினேன். ரெனெட்டா ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். சட்டையை மடியில் போட்டு அதன் இடது கையைத் தடவினாள். அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நான் பதறினேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணில் நீர் வழிய வழிய.

“கை பின்னால போயிருக்கு,” என்று மார்லிஸின் தோளைப் பிடித்துக்கொண்டாள். “அவ்வளவுதான். வேற ஒண்ணுமே எழுதல.”