கத்திரி வெயிலில் ‘குளுருது’ என்ற அக்கா

போன வருடத்துக்கு முந்தைய கோடை. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் செருப்பு தார் ரோட்டில் ஒட்டிக்கொள்ளும், அப்படியொரு கத்திரி வெயில். அந்தக் கோடையில்தான் என்னை வேண்டாம் என்று ஒவ்வொரு இடமாகச் சொன்னார்கள்.

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் விவசாயம். நெல்லும் மல்லாட்டையும் போடுவோம். நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நான் திருவண்ணாமலையில் எம்.எஸ்சி. தாவரவியல் முடித்திருந்தேன். மல்லாட்டை இலையில் கறுப்புப் புள்ளி விழுந்து, காய் சிறுத்துப் போகிற ஒரு நோய் உண்டு. சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் அதில்தான் ஆராய்ச்சி செய்து பிஎச்.டி. வாங்க வேண்டும் என்று ஆசை. வேறு எந்த வேலையையும் நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. அம்மா அதை டாக்டருக்குப் படிப்பது என்றே அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். திருத்தித் திருத்தி நான்தான் ஓய்ந்துபோனேன்.

விண்ணப்பித்த பெரும்பாலான இடங்களிலிருந்து பதிலே வரவில்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் நுழைவுத் தேர்வு எழுதிவிட்டுக் காத்திருந்தேன். ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து மட்டும் நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லி மெயில் வந்தது. அந்த மெயில் வந்த நேரம் பார்த்து என் தாய்மாமா எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

எங்கள் ஊரில் இன்டர்வியூ கார்டு வந்துவிட்டது என்றால் வேலை வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். கார்டு வந்த வீட்டுக்கு அன்றைக்கே பெண் கேட்டு வந்துவிடுவார்கள். மாமாவுக்கும் அந்தக் கணக்குதான். இன்டர்வியூவுக்கு நூறு பேர் வருவார்கள், நாலு பேரைத்தான் எடுப்பார்கள் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. நான் அந்த நிறுவனம் இருந்த ஊருக்குப் போய் இன்டர்வியூ முடித்துத் திரும்பி வந்து எங்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், எதிரில் நானே நிற்கிறேன். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு ஃப்ளெக்ஸ்.

‘எங்கள் வீட்டு விஞ்ஞானி’ என்று போட்டிருந்தது. என் படம், சித்தி பெண் கல்யாணத்தில் எடுத்தது, பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக. பின்னால் ஒரு ராக்கெட் புகை விட்டுக்கொண்டு மேலே போகிறது. நான் படித்தது செடி கொடி. ஓரத்தில் மாமா கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு கும்பிடுகிறார். கீழே அவர் சிநேகிதர்களின் முகங்கள் வட்ட வட்டமாக. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஏனென்றால் இன்டர்வியூ எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் மனதில் இருந்தது, வாயில் வரவில்லை. வரவேண்டிய இங்கிலீஷ் வார்த்தை எல்லாம் வெளியே வந்து பஸ் ஏறிய பிறகுதான் வந்தது.

அடுத்த வாரமே மெயில் வந்துவிட்டது. வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம், விண்ணப்பித்ததற்கு நன்றி. அவ்வளவுதான். என்ன குறை என்று ஒரு வார்த்தை இல்லை. என்ன தப்பு என்று தெரிந்தாலாவது திருத்திக்கொள்ளலாம், அதுவும் இல்லை.

வீட்டில் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் சொல்ல முடியாதபடி அந்த ஃப்ளெக்ஸ் நின்றது. டீக்கடையில் எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டார்கள். பஸ் கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “விஞ்ஞானிக்கு உக்கார ஒரு சீட் குடுங்கப்பா” என்று கூட்டத்தில் சத்தமாகச் சொல்ல, யாரோ ஒரு அம்மா எழுந்து இடம் விட்டார். அந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டு போனது எனக்கு முள்மேல் உட்கார்ந்தது மாதிரி இருந்தது. கூடப் படித்தவள் ஒருத்தி வேறு இடத்தில் தேர்வாகி, வகுப்பு வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டிருந்தாள். பூங்கொத்துப் படம் அனுப்பிவிட்டு போனை மூடி வைத்தேன். அவளிடம் பேசியிருக்கலாம். யாரிடமாவது பேசியிருக்கலாம். பேச ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் இந்தத் தோல்வி என்ன தோல்வி என்று நான் விளக்கிச் சொல்லி, அது புரிந்து, அதன் பிறகு அவர்கள் ஆறுதல் சொல்ல வேண்டும். நினைத்தாலே அலுப்பாக இருந்தது.

வீட்டில் இருந்தால் மாமா வருவார் என்று பயந்து, சர்டிபிகேட் வேலை இருக்கிறது என்று தினமும் பஸ் ஏறிவிடுவேன். போக இடம் வேண்டுமே. வேங்கிக்கால் பக்கம், கலெக்டர் ஆபீஸுக்குக் கொஞ்ச தூரத்தில், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் உட்காரும் ஒரு வாசிப்பு அறை இருந்தது. அங்கே போய் ஒரு மூலையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். படிக்கவில்லை, பக்கத்தை மட்டும் திருப்பிக்கொண்டிருப்பேன். எல்லோரும் குரூப் டூ, குரூப் ஃபோர் என்று முணுமுணுத்து மனப்பாடம் செய்வார்கள். யாருக்கும் என்னைத் தெரியாது. அது ஒரு நிம்மதி. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் தனியாகத் திறப்பது மட்டும் கஷ்டமாக இருக்கும். மூலை ஜன்னல் வழியாக மலை தெரியும். அந்த மலையைச் சுற்றத்தான் ஊர் ஊராக ஜனம் வருகிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டே சோற்றை விழுங்கிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, திரும்பவும் பக்கத்தைத் திருப்புவேன்.

அந்த அறையில் ஃபேன்கள் பேருக்குத்தான் சுற்றும். நடுவில் ஒன்று மட்டும் பேய்க்காற்று அடிக்கும், கூடவே கடகடவென்று லாரி போகிற மாதிரி சத்தமும் போடும். அதன் அடியில் இருந்த இடத்துக்கு ‘ஃபேன் சீட்’ என்று பெயர். காலையில் முதலில் வருகிறவர் துண்டு போட்டுப் பிடித்துவிடுவார். பெரும்பாலும் ஒரு அக்காதான் பிடிப்பார். என்னைவிட ஆறேழு வயது கூட இருக்கும். எப்போதும் நெற்றியில் விபூதிக் கீற்று, மடியில் வாட்டர் பாட்டில், யாரிடமும் அதிகம் பேச்சில்லை.

ஒரு நாள் மத்தியானம். அறை முழுக்க அனல். போன் அதிர்ந்தது. நுழைவுத் தேர்வு எழுதிய பல்கலைக்கழகத்திலிருந்து முடிவு. அதிலும் இல்லை. அந்த வருடத்துக்கு அதுதான் எனக்குக் கடைசி இடம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு புத்தகத்தையே பார்த்தேன். எழுத்தெல்லாம் கலங்கியது. இங்கே அழுதால் இத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

யாரோ என் மேஜைமேல் வாட்டர் பாட்டிலை வைத்தார்கள். அந்த அக்கா.

“நீ அங்க போய் உக்காரும்மா. எனக்கு குளுருது.”

கத்திரி வெயிலில் குளிருகிறதாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மூலையில் சும்மா கிடப்பவளையும் ஏன் கிளப்புகிறார் என்று முறைத்தேன். அவர் அசையவில்லை. வேறு வழியில்லாமல் எழுந்து போய் அந்த ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் காதில் கடகட சத்தம் அடைத்துக்கொண்டது. பக்கத்தில் இருப்பவர் இருமுவதுகூடக் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. தலையைக் குனிந்துகொண்டு, விசும்பி விசும்பி, இத்தனை நாள் அடக்கி வைத்ததை எல்லாம் அழுது தீர்த்தேன். யாருக்கும் கேட்கவில்லை. யாரும் திரும்பவில்லை. எதிர் வரிசைக்காரர் புத்தகத்தை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் அந்த அக்காவே டீ குடிக்கக் கூப்பிட்டார். ரிசல்ட் வந்து, அதில் பெயர் இல்லாமல் யார் வந்தாலும் அன்றைக்கு ஃபேன் சீட் அவர்களுக்குத்தானாம். யாரும் எதுவும் கேட்கக் கூடாதாம். யார் ஆரம்பித்தது என்று அவருக்கும் தெரியவில்லை, அவர் வரும்போதே இருந்ததாம். தானே எத்தனையோ தடவை அங்கே உட்கார்ந்தாயிற்று என்று சாதாரணமாகச் சொன்னார். நான் எழுதியது குரூப் தேர்வு இல்லை என்று சொன்னேன். எதுவாக இருந்தால் என்ன, முகத்தைப் பார்த்தால் தெரியாதா என்றார்.

அதன் பிறகு எனக்கு வாய் திறந்துகொண்டது. மல்லாட்டை இலையில் ஆரம்பித்து, இன்டர்வியூ, ராக்கெட் போட்ட ஃப்ளெக்ஸ், மாமாவின் கூலிங்கிளாஸ், கண்டக்டர் வரை எல்லாவற்றையும் கொட்டினேன். ராக்கெட் என்றதும் அக்காவுக்கு டீ புரையேறிவிட்டது. அவர் சிரிக்க, நானும் சிரித்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தேன். அவமானம் தாங்காமல் அந்த ஃப்ளெக்ஸைக் கிழித்துப் போட்டுவிடலாம் போல இருக்கிறது என்றேன்.

அக்காவின் சிரிப்பு மெதுவாக அடங்கியது. டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எங்க வீட்ல இப்பல்லாம் ரிசல்ட் என்னாச்சுன்னே கேக்கறதில்லம்மா. உங்க மாமா கேக்கறதுக்கு முன்னாடியே நம்பிட்டாரு பாரு.”

டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அன்று ராத்திரியே வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா, இத்தனை நாளாக வெயிலில் எங்கே போய் உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டார். அதற்குத்தான் அவருக்குக் கோபம். மாமாவுக்கு நானே போன் செய்தேன். “நான்தான் அவசரப்பட்டுட்டேன் பாப்பா” என்றார். அவர் குரல் அப்படிக் கம்மி நான் கேட்டதில்லை. மறுநாள் காலையில் ஆள் நடமாட்டத்துக்கு முன்பே போய் ஃப்ளெக்ஸைக் கழற்றிச் சுருட்டி, எங்கள் வீட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டார். மல்லாட்டை பிடுங்குகிற சமயம். அம்மா அதைக் களத்தில் விரித்துக் காய் காய வைத்தார். என் முகத்து மேல் மட்டும் கொட்டாமல் சுற்றிலும் பரப்பியிருந்தார். காயெல்லாம் உருண்டு அங்கேயும் வந்து கிடந்தது வேறு விஷயம்.

பிறகும் நான் வாசிப்பு அறைக்குப் போனேன், இந்தத் தடவை நிஜமாகவே படிக்க. அக்காவுக்கு ஒரு தேர்வு ரிசல்ட் வரவேண்டியிருந்தது. இதில் கிடைக்காவிட்டால் வீட்டில் இனிமேல் அனுப்ப மாட்டார்கள் என்று ஒரு தடவை சொல்லியிருந்தார். புரட்டாசியில் அந்த ரிசல்ட் வந்தது. வெயில் இன்னும் குறைந்திருக்கவில்லை. காலையிலேயே அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. லிஸ்டில் அக்காவின் தேர்வு எண் இல்லை.

நான் போனபோது ஃபேன் சீட் காலியாக இருந்தது. முதலில் வந்தவர் துண்டு போடவில்லை. அடுத்து வந்தவரும் போடவில்லை. வியர்த்து ஊற்றுகிறது, எல்லோரும் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஃபேன் மட்டும் காலி நாற்காலிக்கு மேல் கடகடவென்று சுற்றுகிறது. கதவு திறக்கும்போதெல்லாம் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். மத்தியானமாயிற்று, சாயங்காலமாயிற்று. அக்கா வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. தினமும் பார்க்கிறவரிடம் எதற்கு போன் நம்பர் என்று நான் வாங்கி வைத்திருக்கவில்லை. ஒருவரிடம் இருந்த நம்பரைப் போட்டால் ஸ்விட்ச் ஆஃப் என்றே வந்தது. எந்தக் கிராமம் என்றுகூட யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. என் அழுகைக்கு இடம் விட்டவர் அழும்போது எங்கே உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அந்தக் காலி சீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்றுதான், அடுத்த வருடத் தேர்வுக்கான விண்ணப்பத்தை நான் நிரப்பினேன். அந்த வருடமும் வேண்டாம் என்று மெயில்கள் வந்தன. வந்த அன்றே சோறு சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். சரி, வேறு எங்கெல்லாம் போட்டிருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே அம்மா ரசம் ஊற்றினார். கடைசியில் வெளிமாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. மாமா போனில் ரொம்பத் தயங்கி, இப்பவாவது ஒரு ஃப்ளெக்ஸ் வைக்கட்டுமா என்று கேட்டார். ராக்கெட் இல்லாமல் வையுங்கள் என்றேன்.

இங்கே என் ஆய்வகத்தில் ஃபேன் சத்தம் இல்லை, ஏ.சி.தான். பாஷை புரியாத ஊரில் சில நாள் தனிமை ரொம்ப அழுத்தும்போது, அந்தக் கடகட சத்தத்துக்கு ஏங்குவேன். அந்த அக்கா எங்கே இருக்கிறாரோ தெரியாது. ஆனால் அவர் வராத அன்றைக்கு, அத்தனை வெக்கையிலும் அவர் இடத்தில் யாருமே உட்காரவில்லை என்பது எப்படியாவது அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.