மகளுக்குக் கொடுத்த கச்சான்

என் மகளுக்கு அப்போது ஆறு மாதம். கன்னம், கை எல்லாம் கரப்பன். ஒரு வயதுக்கு முன்பே கச்சானை, அதுதான் நிலக்கடலையை, கொடுத்துப் பழக்கினால் ஒவ்வாமை வருவது குறையும் என்று புதிய ஆராய்ச்சி சொல்வதாக ஃபோனில் வாசித்தேன். உடனே கச்சானை மையாக அரைத்து, அவளுடைய நாக்கில் கொஞ்சம் தடவினேன். சிறிது நேரத்தில் உதடு வீங்கி, பிள்ளை மூச்சுத் திணறினாள்.

வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து ஃப்ளாட் செல்வி அக்கா, "அழுதுகொண்டு நிக்காதை, பிள்ளையைத் தூக்கு!" என்று தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஊசி போட்ட பிறகு மகள் வீரிட்டு அழுதாள். அந்தச் சத்தத்தில்தான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டொக்டர் ஏசவில்லை. "ஆராய்ச்சி பிழையில்லை, அம்மா. ஆனா இவ்வளவு கரப்பன் இருக்கிற பிள்ளைக்கு முதல்ல கிளினிக்கில ஒவ்வாமை இருக்கோ எண்டு சோதிச்சுப் பார்த்துத்தான் குடுக்கவேணும்" என்றார்.

இப்போதும் இப்படியான செய்திகளை விடாமல் வாசிக்கிறேன். ஆனால் உடனே சமையலறைக்குப் போவதில்லை. கிளினிக்குக்குப் போய், "இது என்ர பிள்ளைக்கும் சரிவருமோ?" என்று கேட்கிறேன்.