அப்பாவுக்காக நான் சொன்ன பதில்

பக்கவாதம் வந்து பேச்சு போனபோது அப்பாவிடம் ஒரே ஒரு சொல் மட்டும் தங்கிவிட்டது. 'இல்ல.' பசித்தாலும் இல்ல, பசிக்காவிட்டாலும் இல்ல. எங்கள் மலையூர் வாழவந்தியில் பாதி நாள் மூடுபனிதான். அதற்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல அந்தச் சொல் வரும்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். நாலாம் வகுப்பு. மாத்திரைச் சீட்டைப் படித்ததுபோல அப்பாவையும் நான்தான் படித்துச் சொன்னேன். இழுத்துச் சொன்னால் ஆமாம். வெடுக்கென்று சொன்னால் வேண்டாம். பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

அக்காவுக்குக் கிளியூரில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். அந்த வீட்டைப் பார்த்துவரப் போன அப்பா, திரும்பிய அன்றே விழுந்துவிட்டார். அங்கே என்ன கண்டார் என்பதும் பேச்சோடு போயிற்று.

நிச்சயத்தன்று பனி ஜன்னல் வழியே வந்து எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. பெண்ணைப் பெற்றவர் வாயால் சொல்லித் தாம்பூலத் தட்டைக் கொடுத்தால்தான் செல்லும். மாமா அப்பாவின் இரண்டு கையிலும் தட்டைப் பிடிக்க வைத்தார்.

"ஏனுங்க சம்பந்தி, பொண்ணக் குடுக்கறீங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"இல்ல."

இழுத்தும் இல்லை, வெடுக்கென்றும் இல்லை. கேட்டவர் முகம் மாறியது.

மாமா சிரித்தார். "எங்கூட்டு ரைட்டரம்மாவக் கேளுங்க. சொல்லு கண்ணு, அப்பா என்னங்கறாரு?"

அத்தனை முகங்களும் பனிக்குள்ளிருந்து என் பக்கம் திரும்பின. "சரிங்கறாருங்க," என்றேன்.

"இல்ல," என்றார் அப்பா மறுபடியும், என்னைப் பார்த்து.

"நொம்ப சரிங்கறாருங்க."

வீடே சிரித்தது. தலைகுனிந்திருந்த அக்காவும் சிரித்தாள்.

இப்போது சேலத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வேலை பழகுகிறேன். மூளை பாதித்துப் பேச்சு குழறும் அஃபேசியா வந்தவர் சொல்லும் ஆமாம், இல்லையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். அதே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். படங்களை வைத்துத் தொடச் சொல்ல வேண்டும். கண்ணையும் கையையும் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அக்கா எப்போது வந்தாலும் நன்றாக இருப்பதாகத்தான் சொல்கிறாள்.

அன்று யாரும் காத்திருக்கவில்லை. அப்பா தட்டை விடவில்லை. நோயால்தான் கை இறுகிவிட்டது என்று நினைத்து, அவருக்கு வலிக்காமல் ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்துவிட்டேன். அப்பாவுக்கு வாதம் வந்தது வலது பக்கம். நான் பிரித்தது இடது கை விரல்களை.