ஸ்டெப்னி இல்லாத பக்கம்

நான் லாரி ஓட்டிய வருஷங்களில் பயப்படாமல் ஸ்டியரிங்கைப் பிடித்த நாள் ஒன்றுகூட இல்லை. இதைச் சொன்னால் இன்றைக்கு வண்டி ஓட்டும் தம்பிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பயமே இல்லை என்று சொல்கிறவன் ஓட்டும் வண்டியில் நான் ஏற மாட்டேன். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும், யாருக்குப் பயப்பட வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை நான் ஒருமுறை தப்பாகப் போட்டேன். அதில் ஏழு பேர் ஏரித் தண்ணீருக்குள் போயிருப்பார்கள். அதைத்தான் எழுதுகிறேன்.

1. கரி அடுப்பு

அது இரண்டாம் உலக யுத்த காலம். பெட்ரோல் கூப்பனுக்கு மட்டும்தான் கிடைக்கும், அதுவும் சொட்டுச் சொட்டாக. ஆகவே சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கடலைப் பருப்பு மண்டி வைத்திருந்த எங்கள் முதலாளி, தன் லாரியைக் கரியில் ஓடும்படி மாற்றினார். கேபினுக்குப் பின்னால் இடப்பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை. அதில் அடுப்புக் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, ஊதுகிற சக்கரத்தைச் சுற்றினால் கேஸ் கிளம்பும். அந்தக் கேஸில் எஞ்சின் ஓடும். ஓடும் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஏற்றம் வந்தால் கிளீனர் இறங்கி நடந்து வருவான், நடந்தே வண்டியை முந்திவிடுவான்.

காகிதத்தில் அதற்குக் கேஸ் பிளாண்ட் என்று பெயர். நாங்கள் கரி அடுப்பு என்போம். வெறுமனே நின்றாலே மூன்று மூட்டை எடை. கரி நிரப்பினால் நாலு. அத்தனையும் ஒரே பக்கத்தில். முதல் நாள் ஓட்டிப் பார்த்தபோது வண்டி இடப்பக்கம் தோளைச் சாய்த்துக்கொண்டுதான் போனது. அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டிப் போட்டோம். அப்படியும் முழுசாக நிமிரவில்லை.

அதனால் நானே ஒரு வேலை செய்தேன். பின்னால் தொங்கிய ஸ்டெப்னியைக் கழற்றி, வலப்பக்கத்தில் என் கதவுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தொட்டில் அடித்து அதில் மாட்டினேன். டிஸ்க்கோடு சேர்த்து ஸ்டெப்னி ஒரு பருப்பு மூட்டை எடை இருக்கும். மேலே உட்கார்ந்து வரும் சுமைக்காரர்கள் கரிப்புகைக்குப் பயந்து எப்போதும் வலப்பக்கமே குந்துவார்கள். ஸ்டெப்னி, சுமைக்காரர்கள், நான் என்று மூன்று எடையும் ஒரு பக்கம் சேர்ந்தால் வண்டி சமமாக நிற்கும். இது என் மனசுக்குள் இருந்த கணக்கு. யாரிடமும் சொல்லவில்லை. டிரைவர் தொழில் ரகசியத்தை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பானா என்று ஒரு கர்வம்.

2. மண் மூட்டை

யுத்தத்தில் ரப்பர் வரத்து நின்றுபோனது. டயர் வேண்டுமானால் பெர்மிட் வேண்டும், பெர்மிட்டுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தச் சமயம் பார்த்து நாமக்கல் ரோட்டில் பின் டயர் ஒன்று வெடித்தது. ஸ்டெப்னி அந்த இடத்துக்குப் போய்விட்டது. இரும்புத் தொட்டில் காலி.

ஸ்டெப்னி இல்லாமல் வண்டி ஓட்டுவது ஒரு பயம். வண்டித்தடத்தில் முள்ளோ லாடமோ குத்தினால் அங்கேயே சமைத்துச் சாப்பிட வேண்டியதுதான். ஆனால் என் பெரிய பயம் அதுவல்ல. அந்தத் தொட்டில் காலியாக இருக்கிறதே என்பதுதான். கோணியில் ஆற்று மணலை நிரப்பி, இரண்டு சின்ன மூட்டையாக அதில் வைத்துக் கட்டினேன். வண்டி நிமிர்ந்தது. மூன்று நடை அப்படியே ஓட்டினேன்.

நாலாவது நடைக்குக் கிளம்பும்போது முதலாளி பார்த்துவிட்டார்.

"என்னய்யா அது, கோணியில?"

"மணலுங்க."

"மண்ணைச் சுமக்கவா நான் லாரி வெச்சிருக்கேன்? கரி விக்கிற வெலையில மண்ணை ஊர்சுத்திக் காட்டறியா? எறக்கிப் போடு. அந்த எடைக்கு வரும்போது ரெண்டு மூட்டை பருப்புச் சேத்து ஏத்திக்கிட்டு வா."

அவர் கேட்டது கேள்விதான். பதில் என்னிடம் இருந்தது. வலப்பக்க எடை எதற்கு என்று நாலு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் மண்டி வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். போன மாதம் எதிர்த்துப் பேசிய ஒரு டிரைவரை அதே வாசலில் நிற்கவைத்து சாவியைப் பிடுங்கியிருந்தார். வீட்டில் எனக்கு நாலு வாய் காத்திருந்தது. "சரிங்க" என்றேன். மணலை அங்கேயே ஓரத்தில் கொட்டினேன்.

மூட்டை ஏற்றுகிற காளியண்ணன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர், ஆறு பேர் கொண்ட சுமைக் கூட்டத்துக்கு அவர்தான் மேஸ்திரி. "ஏனுங்க டிரைவரே, கொட்டிப்போட்டீங்க?" என்று கேட்டார். "முதலாளி சொல்லிட்டாரு" என்றேன். அவரும் மேலே கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

3. ஏரிக்கரை

ஐப்பசி மாதம். ராசிபுரத்துக்குத் தெற்கே, மெயின் ரோட்டைவிட்டு நாலு மைல் உள்ளே ஒரு ஊரில் பருப்பு ஏற்றினோம். முதலாளி சொன்ன அந்த இரண்டு மூட்டையும் உச்சியில் ஏறின. மேலே தார்ப்பாய் கட்டி, ஆறு பேரும் ஏறிக்கொண்டார்கள். மத்தியானம் கிளம்பும்போதே வானம் கறுத்திருந்தது.

திரும்பி வரும் தடம் ஒரு ஏரிக்கரை மேல்தான். மாட்டு வண்டிக்காகப் போட்ட கரை, லாரிக்கு ஒரு முழம்தான் மிச்சம். இடப்பக்கம் ஏரி நிறைந்து கிடந்தது. வலப்பக்கம் இரண்டு ஆள் ஆழத்தில் நெல் வயல். பாதிக் கரை வந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

முதலில் ஸ்டியரிங் லேசானது. பாரம் ஏற்றிய வண்டியில் ஸ்டியரிங் லேசானால் முன்சக்கரம் மண்ணைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். வண்டி சாய்வதை நான் உணர்வதற்குள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளீனர் செங்கோடன் இடப்பக்கக் கதவோடு ஒட்டிக்கொண்டான். பின்சக்கரம் இடப்பக்கக் கரை ஓரத்தில் மெதுவாக இறங்கியது. பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றது, சாய்வு மட்டும் இன்னும் கொஞ்சம் போய்விட்டு நின்றது.

"அண்ணா," என்றான் செங்கோடன் மிக மெதுவாக. "கதவுக்குக் கீழ மண்ணைக் காணோமுங்க. தண்ணிதான் தெரியுது."

என் ஜன்னலில் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தேன். வலப்பக்கப் பின்டயர் தரையில் பட்டும் படாமலும் இருந்தது. அதன் அடியில் மாட்டிய வைக்கோல் துரும்பு காற்றில் ஆடியது. பாரத்துக்கு அடியில் துரும்பு ஆடக் கூடாது.

உண்மையை எழுதுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன், எழுதிவிடுகிறேன். என் கை கதவுப் பிடிக்குப் போனது. என் கதவு கரைப்பக்கம். ஒரு தாவல் போதும், நான் பிழைத்துக்கொள்வேன். ஆனால் மணலும் இல்லாத வலப்பக்கத்தில் நானும் ஒரு எடை. நான் குதித்தால் அந்த டயர் தரையைவிட்டு எழும்பும், மற்றவர்கள் எல்லோரும் ஏரியில். கையை எடுத்தேன். காலைப் பிரேக்கைவிட்டு எடுக்காமலே கைப்பிரேக்கை இழுத்துவிட்டேன்.

எஞ்சினை அணைத்தேன். கேஸ் வண்டி அணைந்தால் மறுபடி பற்றவைக்கக் கால் மணி நேரம் ஆகும், ஆகட்டும். அதன் உதறல் நின்றால் போதும். செங்கோடனைச் சீட்டின் மேல் நகர்ந்து என் பக்கம் வரச் சொன்னேன். அவன் என் மடிமேல் ஏறி, ஜன்னல் வழியே வெளியே போய், என் பக்கத்து ஃபுட்போர்டில் நின்றான். பிறகு நான் மேலே பார்த்துக் கூப்பிட்டேன். கத்தினால் எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்துவிடுவார்கள் என்று பயம். சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டேன்.

"காளியண்ணா, மேல எந்தப் பக்கம் குந்தியிருக்கறீங்க?"

தார்ப்பாய்க்குள்ளிருந்து பதில் வந்தது. "எல்லாம் அடுப்புப் பக்கந்தானுங்க. நனஞ்சு குளுருது. அடுப்புச் சூடு சொகமா இருக்குதுங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெயில் நாளில் புகைக்குப் பயந்து வலப்பக்கம் குந்துகிறவர்கள், மழையில் சூட்டுக்காக இடப்பக்கம் போவார்கள். ஆறு பேரும் அடுப்போடு ஒண்டிக்கொண்டிருந்தார்கள். நாலு மூட்டை அடுப்பு, அதன் மேல் ஆறு ஆள். எதிர்ப்பக்கத்தில் காலித் தொட்டில்.

"காளியண்ணா, ஓடாம கேளுங்க. வண்டி ஏரிப்பக்கம் சாஞ்சிருக்குது. ஒருத்தரொருத்தரா, படுத்தவாக்குல சோத்தாங்கைப் பக்கம் நவுந்து வாங்க. ஒருத்தர் வந்த பொறவு அடுத்தவரு. எந்திரிச்சு நிக்கப்படாது."

மேலே தார்ப்பாய் உரசும் ஓசை. ஒரு கால் தொங்கியது, அது தேடித் தேடி ஸ்டெப்னித் தொட்டிலில் ஊன்றியது. ஒருவன் வந்துவிட்டான். துரும்பைப் பார்த்தேன், இன்னும் ஆடியது. இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள். நாலாவது ஆள் வந்தபோது துரும்பு ஆடவில்லை. ஐந்தாவதாகக் காளியண்ணன் இறங்கி, தொட்டிலில் கால் வைத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டார். எண்ணிப் பார்த்தார்.

"மாரப்பனைக் காணோமுங்களே."

மாரப்பன் அவருடைய மச்சான், தங்கையைக் கட்டியவன். கூப்பிட்டார். பதில் இல்லை. கரிப்புகை தலைக்கு ஏறினால் ஆள் கிறங்கிவிடுவான், தூங்குகிற மாதிரியே கிடப்பான். அடுப்புக்கு மிக அருகில் படுத்தவன் அவன்தான்.

"நான் போயி இழுத்துக்கிட்டு வாரேனுங்க," என்றார் காளியண்ணன்.

போனால் இடப்பக்கம் இரண்டு ஆள் எடை. போகாவிட்டால் மாரப்பன் புகையிலேயே போய்விடுவான். அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மற்ற நாலு பேரையும் செங்கோடனையும் தொட்டிலிலும் ஃபுட்போர்டிலும் வெளியே சாய்ந்து தொங்கச் சொல்லிவிட்டு, வயிற்றால் ஊர்ந்து மேலே போனார். நானும் ஜன்னலில் இடுப்புவரை வெளியே தொங்கினேன். மழை முகத்தில் அடித்தது. கண்ணைத் துரும்பைவிட்டு எடுக்கவில்லை. அது ஒரு தரம் ஆடியது. மறுபடி ஆடியது. வண்டி முனகியது. எனக்குத் தெரிந்த சாமி பெயர் ஒன்றுகூட அப்போது வாயில் வரவில்லை.

பிறகு மூட்டை மேல் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. காளியண்ணன் மாரப்பனின் இரண்டு காலையும் பிடித்து, மூட்டையை இழுப்பது மாதிரியே இழுத்துக்கொண்டு வந்தார். மழைத்தண்ணீர் முகத்தில் விழுந்ததும் மாரப்பன் இருமினான். அந்த இருமலைக் கேட்டுத்தான் நான் மூச்சு விட்டேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேலைதான். வயலில் இருந்தவர்கள் இரண்டு ஜோடி எருதும் வடமும் கொண்டுவந்தார்கள். இடப்பக்கத்து மூட்டைகளை ஒவ்வொன்றாக வலப்பக்கம் கடத்தி இறக்கினோம். சாயங்காலத்துக்குள் வண்டியைக் கரையில் ஏற்றிவிட்டோம். பருப்பில் பாதி நனைந்துபோனது.

4. மண்டி வாசல்

ராத்திரி அந்த ஊரிலேயே தங்கிவிட்டு, காலையில் மூட்டைகளை மறுபடி ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். சேலம் வரைக்கும் வலப்பக்க எடைக்காக இரண்டு இரண்டு பேராக முறை வைத்துக்கொண்டு, ஸ்டெப்னித் தொட்டிலில் நின்றே வந்தார்கள். செவ்வாய்ப்பேட்டைக்குள் நுழைந்தபோது காளியண்ணனும் மாரப்பனும் தொங்கிக்கொண்டிருந்தார்கள். முதலாளி வாசலிலேயே நின்றார்.

"ஆளுங்களை எதுக்குய்யா அங்க தொங்கவிட்டுக் கூட்டியார்ற?"

நான் வாயைத் திறப்பதற்குள் காளியண்ணன் சொன்னார். "நீங்க மண்ணு வேண்டாமுன்னீங்களாமுங்க. அதுதான் மண்ணு எடத்துல எங்களை வெச்சுக் கூட்டியாந்தாருங்க."

முதலாளிக்குப் புரியவில்லை. அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பின் எடை, ஸ்டெப்னியின் எடை, மணல் எதற்கு, ஏரிக்கரையில் என்ன ஆனது, எல்லாம். சாவியை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன், எப்படியும் பிடுங்கத்தானே போகிறார் என்று. அவர் சாவியைப் பார்த்தார், நனைந்த மூட்டைகளைப் பார்த்தார், மாரப்பனைப் பார்த்தார்.

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்னய்யா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சாவி என் கையிலேயே இருந்தது.

அவ்வளவுதான். நான் அத்தனை பயந்த மனுஷன் அவ்வளவுதான் சொன்னார்.

மூட்டை இறக்கி முடித்துக் கைகால் கழுவும்போது காளியண்ணன் என் பக்கத்தில் வந்தார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் பேசினார்.

"மொதலாளிகிட்டச் சொல்லப் பயந்தீங்க, சரி. அவரு சோறு போடறவரு. எங்ககிட்டச் சொல்றதுக்கு என்னங்க பயம்? மண்ணு எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நடுங்கிக்கிட்டாச்சும் இந்தப் பக்கமே குந்தியிருப்போமே."

மறுநாள் மணலை மறுபடி நிரப்பினேன். ஆறு பேரையும் கூப்பிட்டு, எந்த எடை எதற்கு என்று தொட்டுத் தொட்டுக் காட்டினேன். சில மாதம் கழித்து பெர்மிட் வந்து, தொட்டிலில் ஸ்டெப்னியும் ஏறியது. இனி இரண்டு பேர் வேண்டுமானால் அடுப்புப் பக்கம் உட்காரலாம் என்று சொன்னேன். மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். காளியண்ணன் மட்டும் உட்காரவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ மழையில் அவர் என் வண்டியில் வந்தார். ஒவ்வொரு முறையும் வலப்பக்கத்திலேயே, கோணியைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டிக்க உட்கார்ந்து வந்தார். என் வார்த்தையை நம்பி அவர் மறுபடி இடம் மாறவே இல்லை. அது நியாயம்தான்.

தம்பிகளே, வண்டியில் எந்த எடை எதற்காக இருக்கிறது என்பதை மேலே ஏறி உட்காருகிறவனுக்கு முதலில் சொல்லுங்கள். அப்புறம் வண்டியை எடுங்கள்.