தேயாத பிட்

அஸ்தம்பட்டியில் எங்கள் தெருவில் யாராவது தண்ணீருக்குப் போர் போட ஆரம்பித்தால் எல்லா வீட்டுச் சன்னல்களும் படபடவென்று சாத்திக்கொள்ளும். நான் மட்டும் மொட்டைமாடிக்குப் போய் நின்றுகொள்வேன். கொடியில் காயும் துணியிலெல்லாம் வெள்ளைப் புழுதி படிகிறதே என்று என் கணவர் ஒவ்வொரு முறையும் புலம்புவார். அவர் ஜவுளிக் குடும்பத்துப் பிள்ளை, துணிக்குத்தான் பரிந்து பேசுவார். நான் பிறந்தது திருச்செங்கோட்டுப் பக்கம். அங்கே வீட்டுக்கு ஓர் ஆளாவது போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருப்பார். எங்கள் வீட்டில் போனவர் அப்பா.

அப்பா ரிக் வண்டியில் டிரில்லர். கிளம்பினால் மாதக்கணக்கில் வரமாட்டார். டவர் கிடைக்கிற இடமாகப் பார்த்து அவர் போன் செய்வதற்குள் நான் தூங்கிப் போயிருப்பேன். அதனால் அப்பா எனக்குப் போனில் வந்ததைவிடச் சாக்குப்பையில் வந்ததுதான் அதிகம்.

சாக்குப்பையில் வந்தது பிட். பாறையைத் துளைக்கிற ராடு என்னும் கம்பிகளின் நுனியில் மாட்டும் கனத்த இரும்புத் தலை அது. அதன் முகம் முழுக்கக் கார்பைட் குமிழ்கள் பதித்திருக்கும். அவற்றைப் பட்டன் என்பார்கள். இரும்பைவிடப் பல மடங்கு கெட்டி. இருந்தாலும் பாறையோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி அவையும் ஒருநாள் மொட்டையாகிவிடும். அப்படித் தேய்ந்த பிட்டுகளை ஊர் திரும்பும் லாரியில் போட்டு அப்பா அனுப்பிவைப்பார். அம்மாவின் அண்ணன், என் மாமா, எங்கள் வீட்டை ஒட்டிக் கொட்டகை போட்டு பிட் கிரைண்டிங் செய்துகொண்டிருந்தார். வைரத்தூள் பதித்த கல்லை ஓடவிட்டு ஒவ்வொரு பட்டனையும் மறுபடி உருட்டிவிடுவார். முடிந்ததும் பிட்டின் கழுத்தில் பஞ்ச் வைத்து அடையாளமாக ஒரு புள்ளி குத்துவார். பிறகு அது வடக்கே போகும்.

பிட்டின் முகத்தில் காற்று வருவதற்கான ஓட்டைகள் இருக்கும். அவற்றில் மண் இறுகிக் கிடக்கும். அது என் சொத்து. ஊக்கால் சுரண்டி எடுத்து, கழுவிய ஊறுகாய் பாட்டில்களில் போட்டு வைத்துக்கொள்வேன். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் சாம்பல், ஒன்றில் கோலமாவு போல வெள்ளை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம், "இது எங்கப்பா இருக்கிற ஊரு" என்று பாட்டிலைக் காட்டுவேன். ஊர்ப் பெயர் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

அப்பா எப்போது வருவார் என்று மாமாவை நச்சரிப்பேன். மாமா கேலி செய்யும்போது என்னையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். "அந்த ஊர்ப் பாறையெல்லாம் தீந்துச்சுன்னா வந்துருவாருங்க சாமி" என்றார் ஒருநாள். அவர் விளையாட்டுக்குச் சொன்னார், நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து சாக்கு வந்து இறங்கியதும் முதலில் பட்டன்களைத்தான் பார்ப்பேன். மொட்டையாக இருந்தால் இன்னும் பாறை இருக்கிறது என்று பொருள். எப்போதும் மொட்டையாகத்தான் இருக்கும். அந்த ஊர்ப் பாறையை நான் திட்டாத திட்டு இல்லை.

அந்த வருஷம் எங்கள் ஊர்த் திருவிழாவான மாரியம்மன் நோம்பி நெருங்கிக்கொண்டிருந்தது. நான் விழித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில், "நோம்பிக்குக் கட்டாயம் வந்தர்றேன் சாமி. ராட்டினத்தூரி ஏறலாம்" என்று சொல்லியிருந்தார். தூரி ஏற எனக்கு அப்பாவை விட்டால் ஆளில்லை. அம்மாவுக்குத் தலைசுற்றும். மாமா ஏறினால் தூரிக்காரனே இறக்கிவிடுவான், அவர் உடம்பு அப்படி. கோயில் முன்னால் தூரிக்கான இரும்புத் தூண்களை இறக்கியாகிவிட்டது. அப்பாவிடமிருந்து மட்டும் சில நாளாகப் போனே இல்லை.

அப்போதுதான் அந்தச் சாக்கு வந்தது. காலையிலிருந்தே மாமா போனை எடுத்துக்கொண்டு ரோட்டுப்பக்கம் போவதும் வருவதுமாக இருந்தார். வந்தால் டீ குடிக்காமல் போகாத லாரி டிரைவர், அன்று சாக்கை இறக்கியதும் அவசரமாகக் கிளம்பிவிட்டார். நான் ஓடிப்போய்க் கட்டை அவிழ்த்தேன்.

உள்ளே இருந்த பிட்டில் பட்டன் எல்லாம் உருண்டையாக, புத்தம் புதிதாக இருந்தன. மாமாவின் கல் போட்ட மெல்லிய கோடுகள்கூட அழியவில்லை. கழுத்தில் அவர் கடைசியாகக் குத்திய புள்ளி மின்னியது. காற்று ஓட்டைகளில் மண்ணே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அம்மா! பாறை தீந்துருச்சு! அப்பா வாராங்க!" என்று கத்தினேன்.

சமையலறையிலிருந்து அம்மா ஈரக்கையோடு சிரித்துக்கொண்டே வந்தாள். வந்து பிட்டைப் பார்த்தவள் அப்படியே குனிந்து உட்கார்ந்தாள். கட்டைவிரலால் ஒவ்வொரு பட்டனாகத் தடவினாள். அம்மா அந்தக் கொட்டகைச் சத்தத்திலேயே வாழ்ந்தவள். தேயாத பிட்டை யாரும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திருப்பி அனுப்பமாட்டார்கள், வண்டியே நின்றுபோனால் ஒழிய. அது எனக்குத்தான் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

"ஏனுங்ணா, வண்டி நின்னுருச்சுங்களா?" என்றாள்.

கொட்டகையில் கல்லை ஓடவிட்டிருந்த மாமா மோட்டாரை நிறுத்தினார். "உசுருக்கு ஒண்ணுமில்ல சாமி. ராடு நழுவிக் கையில உழுந்துருச்சு. நாளைக்கு மாப்ளயக் கூட்டியாறாங்க" என்றார். பிள்ளைகளைக் கொஞ்சுவதுபோல மாமா அம்மாவைச் சாமி என்று கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன். ஆனால் என் காதில் நின்றது 'நாளைக்கு' என்ற சொல் மட்டும்தான். நான் சொன்னது பலித்துவிட்ட பெருமையில் தெருவுக்கு ஓடினேன்.

மறுநாள் அப்பா காரில் வந்து இறங்கினார். வலது கை முழங்கைவரை வெள்ளைக் கட்டாக இருந்தது. அந்தக் கட்டுக்குள் விரல்கள் மிச்சமில்லை என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா இனிமேல் ரிக்குக்குப் போகமாட்டார் என்று மட்டும் சொன்னார்கள். அந்தச் செய்தியை நான் பள்ளிக்கூடம் முழுக்க மிட்டாய் கொடுக்காத குறையாகச் சொல்லித் திரிந்தேன்.

நோம்பியன்று அப்பா சொன்ன சொல் தவறாமல் என்னைத் தூரிக்குக் கூட்டிப் போனார். கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துக்கொண்டு, இடது கையால் என்னை இறுகப் பிடித்திருந்தார். தொட்டில் உச்சியில் போய் நின்றது. நான் எங்கள் வீட்டு விளக்கைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா சங்ககிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ரிக் வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. தூரி இறங்க ஆரம்பித்த பிறகும் கழுத்தைத் திருப்பி அதையே பார்த்தார்.

நோம்பி முடிந்ததும் நான் ஊறுகாய் பாட்டில்களைக் கழுவ எடுத்தேன். அப்பாவே வீட்டில் இருக்கும்போது அவர் இருந்த ஊரின் மண் எதற்கு? சிவப்பு மண்ணை முருங்கை மரத்தடியில் கவிழ்க்கப் போனேன். கட்டிலில் படுத்திருந்த அப்பா வேகமாக எழுந்து வந்தார்.

"இருக்கட்டும் சாமி. கொட்டாத" என்றார்.

பாட்டிலை இடது கையில் வாங்கிக்கொண்டார். ஒரு கையால் மூடியைத் திருக முடியாமல் என்னிடமே திரும்ப நீட்டினார். திறந்து கொடுத்தேன். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பக்கத்தில் நான் நிற்பதே அவருக்கு மறந்துபோனது போலிருந்தது.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வரவேண்டிய இடத்துக்குத்தான் வந்துவிட்டாரே, இனியும் இவருக்கு எங்கே போகவேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.