டாக்டர் தேவசகாயம் சாந்தமானவர் அல்லர்

டாக்டர் தேவசகாயம் இறந்த செய்தியைக் கும்மிடிப்பூண்டி ஒன்றிய அலுவலக வாசலில் ஒரு குமாஸ்தா சொன்னார். தருமபுரிப் பக்கம், மாரடைப்பு. மறுநாளே இரங்கல் கூட்டம் வைத்தார்கள். "சாந்தமே உருவானவர், யார் மனமும் நோகப் பேசாதவர்" என்றார் ஓர் அதிகாரி. டாக்டரை இங்கிருந்து விரட்டியவரே அவர்தான். அவரை அறிந்தவர்களே, இந்தப் பொய்யை நாமாவது நம்பக் கூடாது.

அறுபதுகளின் கடைசியில் அவர் இங்கே கால்நடை மருத்துவர்; நான் சுகாதார ஆய்வாளர். ஆந்திரச் சுரங்கம் ஒன்றிலிருந்து ஈயத் தாது கொண்டுவந்து அரைத்துக் கழுவிய ஒரு கம்பெனி, நொடித்துப்போனதும் பூட்டிக்கொண்டு போய்விட்டது. கழுவிய கழிவு ஓடைக்கரையில் மேடாகக் கிடந்தது. மழைதோறும் கரைந்து ஓடையில் இறங்கும். மாவுபோல நைஸாக இருந்ததால் ஊரார் அள்ளிவந்து வீட்டுத் தரைக்கும் போட்டார்கள்.

ஒருநாள் ஓடைக்கரைக் காலனி கன்னியம்மா ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். "இன்னா டாக்டரே இது? எரும நல்லாத்தான் மேஞ்சிகினு இருந்துச்சு. இப்ப செவுத்துல தலைய முட்டிக்கினே நிக்குது. கண்ணும் தெரியல."

அன்றே அது செத்தது. டாக்டர் அங்கேயே அதை அறுத்து, ஈரலைச் சென்னைக்குச் சோதனைக்கு அனுப்பினார். ஈயம் என்று பதில் வருவதற்குள் இன்னும் சில எருமைகள் போய்விட்டன. நேரே என்னிடம் வந்தார். "எரும செத்து சொல்லிடுச்சு. கொழந்தைங்களும் செத்துத்தான் சொல்லணுமா? கெளம்புங்க."

அந்தக் கோடை முழுக்கச் சைக்கிளில் கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் எடுத்தோம். ஓடையை ஒட்டிய கிணறுகளில் ஈயம் இருந்தது, தள்ளியிருந்தவற்றில் இல்லை. ஈயம் இருந்த கிணறுகளில் குடித்த வீடுகளில்தான் வயிற்றுவலியும் வலிப்புமாகப் பிள்ளைகள் கிடந்தார்கள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது சுகாதார நிலையம்.

அறிக்கையைப் படித்த அதே அதிகாரி, "எருமைக்கு நஷ்டஈடு தரலாம். பிள்ளைகள் விஷயத்தில் 'பாதிப்பு இருக்கக்கூடும்' என்று மாற்றிவிடுங்கள்" என்றார். தேவசகாயம் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. "மாடு செத்தா ரூல் இருக்குது, மனுசன் பெத்த புள்ளைக்கு இல்லையா சார்? கூடும்னு நான் எழுத மாட்டேன்."

எழுதவில்லை. அதோடு, ஓடைத் தண்ணீர் குடிக்கும் எருமைகளின் பாலை விற்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். ஊரே திரண்டு வந்தது. "எங்க வயித்துல அடிக்கிறியே, நீ நல்லாருப்பியா?" என்று கன்னியம்மா மண்ணை வாரித் தூற்றினார். டாக்டர் சைக்கிளை எடுத்தார். திரும்பும் வழியில் என்மீது எரிந்து விழுந்தார்: "அந்தம்மா திட்றது நியாயம்யா! பால கீழ ஊத்துன்னு ஏழைய மெரட்ட முடியுது. மேட்ட அள்ளுன்னு கம்பெனிக்காரன கேக்க நாதியில்ல."

பல மாதம் அலைந்து, ஓடைக்குத் தள்ளி ஒரு கைப்பம்பு போட வைத்தார். கெட்ட கிணறுகளை மூட வைத்தார். மேட்டை மட்டும் யாரும் தொடவில்லை. மந்திரி ஒருவர் வருகிறார் என்றதும், சாலை பார்த்த பக்கத்தில் மட்டும் செம்மண் கொட்டிச் செடி நட்டார்கள். மந்திரி காரை விட்டு இறங்கியதும் தேவசகாயம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய், "ஐயா, பூவ பாத்தது போதும். ஓடப் பக்கம் வந்து பாருங்க" என்று கத்தினார். மந்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போலீஸ்காரர்கள் டாக்டரைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். அந்த அதிகாரியின் கையெழுத்தோடு மாற்றல் உத்தரவு சீக்கிரமே வந்தது.

ரயிலடிக்கு வழியனுப்ப வந்தவர்கள் நானும் கன்னியம்மாவும்தான். கன்னியம்மா அழுதார். நான் ஆறுதலாக இருக்கட்டுமென்று, "விடுங்க சார், நம்மால முடிஞ்சத செஞ்சிட்டோம்" என்றேன்.

டாக்டரின் முகம் சிவந்தது. "அந்தப் பேச்சு பேசாதீங்க. அத சொல்லிட்டா அப்பறம் தூக்கம் வந்துடும்."

வண்டி நகர்ந்தது. அதற்குப் பின் எத்தனையோ ஊர்கள், எத்தனையோ கிணறுகள். அந்த ஒரு வாக்கியம் மட்டும் இன்றுவரை என் வாயில் வந்ததில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான்.